கண்ணு, கெழவன் ஓட்டுன வண்டியா பாத்து வாங்கு

காசு சேந்துடுச்சாமே! செய்யாறு சிப்காட்டுல ராத்திரி ஷிப்டாவே பாத்து, ஏலச்சீட்டையும் தள்ளி எடுத்து, அஞ்சரை லட்சம் வெச்சிகினு நிக்கிறியாம். நேத்து உங்கம்மா வந்து திண்ணையில குந்திகினு ஆனந்தக் கண்ணீர் வுட்டா. புள்ள நெலம் வாங்கப் போறான்னு நெனச்சிகினா போல. நான் வாயத் தொறக்கல. பழைய கார் ஒண்ணு வாங்கி, கம்பெனிக்காரன் குடுத்த வேகம் பத்தலன்னு அத்த டியூன் பண்ணி ஓட்டப் போறேன்னு என்கிட்ட சொன்னியே, அத்த அவ காதுல போட்டிருந்தா கண்ணீர் அப்டியேதான் இருந்திருக்கும், ஆனந்தம் மட்டும் பூட்டிருக்கும்.

சரி, ஆசைப்பட்டுட்ட. தேசூர்ல பொறந்தவன் வேகத்துக்கு ஏங்கறதுல நாயம் இருக்குது. இந்தப் பக்கத்துல வேகமா நடந்த காரியம் ஒண்ணு சொல்லு பாப்போம். பட்டுச்சேலை ஒண்ணு தறியவுட்டு எறங்க பத்து நாளோ பதினஞ்சு நாளோ ஆவுது. பக்கத்துல சீயமங்கலத்துல மகேந்திர பல்லவன் கொடைஞ்ச கோயிலு ஆயிரத்து நானூறு வருசமா ஒரு அங்குலம் நவுரல. வந்தவாசி பஸ்ஸு அதுக்குக் கொஞ்சம் பரவால்ல. அதனால நீ ஒருத்தனாவது வேகமா போ. போறதுக்கு முன்னாடி நான் சொல்றதக் கேட்டுக்க. தறிக்குழியில எறங்கறதுக்கு முன்னாடி நான் ஆரணிப் பட்டு மொதலாளி ஒருத்தருக்கு பத்மினி ஓட்டி, மெட்ராஸ் வரைக்கும் சேலைக் கட்டு எறக்கினவன்டா. பழைய வண்டி சொல்ற பொய்யி எனக்குக் காதுலயே தெரியும்.

போன்ல நீ பாக்கற வீடியோவெல்லாம் நானும் எட்டிப் பாக்கறேன். வெள்ளைக்காரப் பையன் ஒருத்தன் மாஸ்டா மியாட்டாவ வெச்சிகினு மலைப்பாதையில வளைக்கறான். நல்ல வண்டிதான். 1989-ல வந்ததுல இருந்து, டியூன் பண்ற பசங்க ஒலகம் பூரா அது பின்னாடிதான் சுத்தறாங்க. ஒடம்பு லேசு, தள்றது பின்சக்கரம், சாமான் ஈசியா கெடைக்கும். ஒரே ஒரு சின்னக் கொறை, அத்த இந்தியாவுல விக்கவே இல்ல. நமக்குத் தெரிஞ்ச மாஸ்டா, சுவராஜ் மாஸ்டா. வேணும்னா சொல்லு, கல்யாணத்துக்கு ஆளு ஏத்திகினு போன வேனு ஒண்ணு தேடிப் புடிக்கலாம். அதுவும் பின்சக்கரந்தான். மியாட்டாவுல ரெண்டு பேருதான் குந்தலாம், இதுல நம்ம வகையறாவே குந்தலாம்.

அப்பறம் அந்த விளம்பரம் ஒண்ணு காட்டின பாரு, அத்தப் படிச்சி ராத்திரி எனக்குத் தூக்கமே வரல, சிரிச்சி சிரிச்சி. "2014 மாடல் வெள்ளை போலோ ஜிடி டிஎஸ்ஐ. ஸ்டேஜ் 2. ஓட்டம் 38,000 மட்டுமே. டாக்டர் ஓட்டியது. அவசர விற்பனை." நீ அதுல வெள்ளை நெறத்தையும் ஸ்டேஜ் 2-வையும் பாத்த. நான் மத்ததப் பாத்தேன்.

மொதல்ல டாக்டர். பழைய கார் சந்தையில டாக்டர் ஓட்டாத வண்டியே கெடையாது. தமிழ்நாட்டுல இருக்கற டாக்டருங்க எல்லாரும் சேந்து ஓட்டியிருந்தாலும் இம்மாம் வண்டி ஓட்டியிருக்க முடியாது. அதுவும் இந்த டாக்டரு, காலை வுட்டா டமால் டமால்னு வெடிக்கற சைலன்சர் போட்டுகினு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரு. இதய நோயாளிங்க எல்லாம் அவரு வர்ற சத்தத்துலயே எழுந்து வூட்டுக்குப் போயிருப்பாங்க.

அடுத்தது 38,000. அவன் போட்ட போட்டோவ ரெண்டு வெரல்ல பெருசாக்கிப் பாரு. பிரேக் பெடல் ரப்பரு மொழுக்குனு தேஞ்சிருக்குது, ஸ்டியரிங் தோலு கைபுடிக்கற எடத்துல பளபளன்னு இருக்குது. டாக்டரு வண்டிய ஷெட்டுல நிறுத்திட்டு பெடல மட்டும் மிதிச்சிகினு இருந்தாரா? மீட்டரத் திருப்பறது இன்னிக்கி லேப்டாப்புல அஞ்சு நிமிச வேலை. பெடலத் திருப்ப முடியாது. டயர் பக்கவாட்டுல நாலு நம்பர் குத்தியிருப்பான். 2319-ன்னு இருந்தா 2019-ஆம் வருசம் 23-ஆவது வாரம் செஞ்ச டயருன்னு அர்த்தம். 38,000 ஓட்டத்துல அது எத்தினியாவது செட்டுன்னு கேளு. கேட்டுட்டு அவன் மூஞ்சியப் பாரு, டயரப் பாக்காத.

இப்ப உன் ஸ்டேஜ் 2. அந்த ஜிடி டிஎஸ்ஐ 2013-ல வந்தது. 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரை, 175 நியூட்டன் மீட்டர் இழுவை. கியர் பொட்டி ஏழு கியர் டிஎஸ்ஜி. உள்ள ரெண்டு கிளட்ச்சு, ரெண்டும் எண்ணெயில நனையாத காஞ்ச கிளட்ச்சு. அந்தப் பொட்டிய 250 நியூட்டன் மீட்டர் வரைக்கும் தாங்கறதுக்குத்தான் செஞ்சான். ஸ்டேஜ் 2-ன்னா டர்போ காத்த ஏத்தி, வெளியேத்தற கொழாயப் பெருசாக்கி, கம்ப்யூட்டர்ல கணக்க மாத்தி எழுதியிருப்பான். இழுவை அந்த வரம்பப் போயி ஒரசும். மெட்ராஸ் வெயில்ல, போரூர் சிக்னல்ல இஞ்சு இஞ்சா நவுந்த பொட்டி அது. அதுக்குள்ள மெக்கட்ரானிக்னு ஒரு மூளை இருக்குது, அது போச்சின்னா லட்ச ரூபாக் கணக்குல பேசுவான். இப்பத் தெரிஞ்சிதா அவனுக்கு ஏன் அவசரம்னு?

அடுத்தவன் டியூன் பண்ண வண்டி மலிவா வரும், செலவெல்லாம் அவனே பண்ணிட்டான்னு நாக்கு ஊறும். அவன் செலவு பண்ணது ஆசைக்கு, தேஞ்சது என்ஜினு. பாவு நூலு நைஞ்சிருந்தா அதுமேல எம்மாம் ஜரிகை ஏத்தினாலும் சேலை மடிப்புலயே கிழியும், ஜரிகை கனத்துக்கு இன்னும் சீக்கிரமா கிழியும். ஒனக்கு வேணுங்கறது பாவு. ஜரிகைய நீ அப்பறமா போட்டுக்கலாம்.

அதனால கேட்டுக்க. வேகமா ஓட்டணும்னா, மெதுவா ஓட்டுனவன்கிட்ட வாங்கு. ரிட்டயர் ஆன எச்.எம்., பேங்க் மேனேஜரு, போஸ்ட் மாஸ்டரு, இவங்க வூட்டு வாசலப் பாரு. மாசத்துக்கு ஒருவாட்டி படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போயிட்டு வர்ற வண்டி. அம்பது தாண்டினா அந்தம்மா பக்கத்துல இருந்து "ஏங்க"ன்னு ஒரு சத்தம் குடுக்கும். பின்சீட்டுல கம்பெனி பிளாஸ்டிக் கவரு இன்னும் பிரிக்காம இருக்கும். முன்னாடி பொட்டிய தொறந்தா சர்வீஸ் பில்லு எல்லாம் வருச வாரியா ரப்பர் பேண்டு போட்டு இருக்கும். அந்த ரப்பர் பேண்டுக்குத்தான்டா நீ காசு குடுக்கற.

கெழவனுங்க எல்லாம் யோக்கியம்னு சொல்லல, நானும் கெழவன்தான், எனக்குத் தெரியாதா. கிளட்ச்சு மேல கால வெச்சிகினே பதினஞ்சு கிலோமீட்டர் போவாங்க, கிளட்ச்சு தீஞ்சிருக்கும். கவலப்படாத. இழுவை ஏத்தினா மொதல்ல வழுக்கறது கிளட்ச்சுதான், எப்டியும் நீ மாத்தியே ஆவணும். அத்தச் சொல்லியே வெலையில கொறச்சிக்க. ஆனா ஓட்டமே இல்லியேன்னு ரெண்டு வருசம் ஆயில் மாத்தாத கஞ்சனும் உண்டு. அவன் வண்டி பக்கமே போவாத. டர்போ சுத்தற வேகத்துக்கு பழைய ஆயிலு வெஷம்.

சரி, எந்த வண்டின்னு கேக்கற. டர்போ இருக்கறத வாங்கு, அவ்வளவுதான் சூட்சுமம். டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜின்ல கம்ப்யூட்டர எப்டி மாத்தி எழுதினாலும் நூறு குதிரைக்கு அஞ்சோ எட்டோ ஏறும். அதுக்கு மேல வேணும்னா ஹெட்ட எறக்கணும், கேம் மாத்தணும், கொழாய் மாத்தணும். ஒன் அஞ்சரை லட்சமும் கொழாய் வழியா பூடும். டர்போ வண்டியில காத்தும் டீசலும் கொஞ்சம் கூட வுட்டாலே நூத்துக்கு இருவது, இருவத்தஞ்சு கெடைக்கும்.

தெரியுது, ஒனக்கு ஹோண்டா சிட்டி விடெக் மேல ஒரு கண்ணு. 2000-த்துல வந்த வண்டி, 106 குதிரை, 7,000 சுத்து வரைக்கும் மூச்சு வாங்காம பாடும். இன்னிக்கும் அந்தப் பாட்டக் கேட்டா எனக்கே கால் பரபரங்குது. ஆனா அந்த வண்டி ஒன்னவுட மூத்தது. பதினஞ்சு வருசம் தாண்டினதுக்கு ஆர்.சி. புதுப்பிக்கணும். 600 ரூபாயா இருந்த அந்தக் கட்டணத்த 2022 ஏப்ரல்ல 5,000 ஆக்கிட்டான். அதோட அதுல டர்போ கெடையாது. பாட்டு கேக்கணும்னா வாங்கு.

பியட்காரன் 2015-ல புன்டோவுல அபார்த்னு ஒண்ணு வுட்டான், 1.4 டர்போ, 145 குதிரை, பத்து லட்சத்துக்குள்ள. அந்த வெலைக்கு அப்டி ஒரு வெறி புடிச்ச வண்டிய அதுக்கு முன்னாடி யாரும் குடுக்கல. அவன் கடைய மூடிகினு பூட்டான். சாமானுக்கு நீ அலையற அலைச்சல்ல வண்டி நிக்கும், நீதான் ஓடிகினு இருப்ப. மாருதியில பலேனோ ஆர்.எஸ். 2017-ல வந்தது, 1 லிட்டர் டர்போ, 102 குதிரை, நாலு சக்கரத்துலயும் டிஸ்க் பிரேக்கு. அமைதியான வண்டி, பொண்ணு வூட்டுக்காரங்க பாத்தாலும் சந்தேகப்பட மாட்டாங்க. அத்தக் குறிச்சி வெச்சிக்க. போலோ 1.0 டிஎஸ்ஐ, 2020-ல வந்தது, ஆறு கியரு கையால போடற பொட்டி, 110 குதிரை. இன்னும் நல்லது. 2022-ல போலோவ நிறுத்தினதுல இருந்து வெச்சிருக்கறவன் வுட மாட்டேங்கறான். ஒன் அஞ்சரையில அடங்கினா கண்ண மூடிகினு எடு, அடங்காது.

என்னக் கேட்டா போர்டு பிகோ, 1.5 டீசலு, 2016-ல இருந்து 2018-க்குள்ள. நூறு குதிரை, 215 நியூட்டன் மீட்டரு, எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல. ஸ்டியரிங்கப் புடிச்சா ரோடு என்னா பேசுதுன்னு கையில தெரியும், அது போர்டுக்காரன் கைவேலை. பிஎஸ்-4 காலத்து டீசல்ங்கறதால, பின்னாடி வந்த வண்டிங்கள்ல இருக்கற கரி வடிகட்டித் தொல்லை இல்ல. வெளிய இருந்து பாத்தா கேஸ் சிலிண்டர் வாங்கப் போற வண்டின்னு நெனப்பான். அதுதான் அதோட அழகு. 2021 செப்டம்பர்ல போர்டு இங்க வண்டி செய்யறத நிறுத்தறேன்னு சொன்ன ஒடனே மறைமலைநகர்ல எத்தினி குடும்பம் தலையில கைய வெச்சிகினு குந்திச்சின்னு ஒனக்கே தெரியும், ஒன் கூட்டாளிங்க ரெண்டு பேரு அங்க இருந்துதான வந்தாங்க. அந்த பயத்துல வாங்கறவன் கையக் கட்டிகினு நிக்கிறான். சாமான் கெடைக்குது. ஊரு பயப்படற எடத்துலதான்டா வெல படியும்.

டெல்லியில இருந்து லாரியில ஏத்திகினு வந்து விக்கறானே, அது மலிவுதான். அங்க பத்து வருசம் ஆன டீசல் வண்டி ஓடக் கூடாதுன்னு 2015-ல பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, 2018-ல சுப்ரீம் கோர்ட்டும் அத்தயே சொல்லிடுச்சி. அதனால தள்ளி வுட ஆரம்பிச்சான். அந்த ஊரு என்.ஓ.சி. வாங்கி, இங்க ரோடு டாக்ஸ் கட்டி, நம்பர் மாத்தறதுக்குள்ள மிச்சம் புடிச்ச காசு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல்ல எளநி குடிச்சே தீரும். பாண்டிச்சேரி நம்பருக்கும் இதே கதைதான்.

இதவுட பயப்பட வேண்டியது தண்ணி குடிச்ச வண்டி. 2015 டிசம்பர் வெள்ளத்துலயும் 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல்லயும் மெட்ராஸ்ல முங்கின காரு கணக்கு வழக்கு இல்ல. எல்லாம் காயவெச்சி, கழுவி, செண்ட் அடிச்சி, நம்ம பக்கம் பாத்து வரும். கிராமத்தான் மோந்து பாக்க மாட்டான்னு நெனப்பு. நீ சீட்டு பெல்ட்ட முழுசா கடைசி வரைக்கும் இழு. சேத்துக் கோடு அங்கதான் இருக்கும். சீட்டுக்கு அடியில தண்டவாளத்துல துரு இருக்குதா பாரு, ஸ்டெப்னி இருக்கற பள்ளத்துல மண்ணு இருக்குதா தடவிப் பாரு. உள்ள மல்லிப்பூ வாசனை தூக்கலா அடிச்சா கதவ மூடிட்டு வந்துடு.

வண்டி பாக்கறதுக்கு விடியக்காலையில போ, சொல்லாம போ. போன ஒடனே கும்பிடு போட்டுட்டு பானெட்டு மேல கைய வை. சூடா இருந்தா முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி எதையோ மறைச்சிருக்கான். ஆறின என்ஜின் மொத தடவ உயிர் வர சொல்ல என்னா பொகை வருதுன்னு பின்னாடி நின்னு பாரு. நீலமா வந்தா ஆயில எரிக்குது. வெள்ளையா வந்து, சூடு ஏறின பின்னாலயும் நிக்காம வந்தா ரேடியேட்டர் தண்ணி உள்ள போவுது. டீசல்ல அழுத்தசொல்ல கொஞ்சம் கருப்பு வரும், அது போவட்டும். ரோட்டையே மறைச்சா வுட்டுடு. ஆயில் மூடியத் தொறந்து பாரு, உள்பக்கம் நொர ஒட்டியிருக்கக் கூடாது. டர்போவுல இருந்து வர்ற ரப்பர் கொழாயக் கழட்டி வெரல வுடு. லேசா பிசுக்குன்னு இருந்தா சரி, ஆயிலு சொட்டினா டர்போ மூச்ச நிறுத்தப் போவுது. அப்பறம் அந்த ஓபிடி மெஷினு ஒண்ணு சில நூறு ரூபாக்கே கெடைக்குது, சொருகினா போன்ல தப்பெல்லாம் காட்டும். தப்பே காட்டலன்னா சந்தோசப்படாத, நேத்து ராத்திரி அழிச்சிருப்பான். அழிச்சா உள்ள இருக்கற சோதனைங்க எல்லாம் 'இன்னும் முடியல'ன்னு நிக்கும், அத்தப் பாரு.

வாங்கிட்ட. இப்ப கையில கொறஞ்சது ஒண்ணேகால் லட்சம் மிச்சம் இருக்கணும். இல்லன்னா நீ வாங்கின வண்டி தப்பு. அந்தக் காசுல மொதல்ல டயரு, பிரேக் பேடு, பிரேக் ஆயிலு, தேஞ்ச புஷ்ஷு, கிளட்ச்சு. அப்பறமா மிச்சத்துல கம்ப்யூட்டர் வேலை. நீ எழுதி வெச்சிருக்கற பட்டியல்ல மொதல் வரி ஸ்பாய்லரு, ரெண்டாவது வரி ஸ்டிக்கரு, கடைசி வரியில பிரேக்கு. பட்டியலத் தலைகீழா புடி, சரியாயிடும். ஸ்பிரிங்க வெட்டி வண்டிய எறக்கணுமாம்! தெள்ளாறு ரோட்டுல அறுப்புக் காலத்துல நெல்லு கொட்டியிருப்பான், ஊருக்கு ஊரு ஆளு ஒசரத்துக்கு ஸ்பீடு பிரேக்கரு. அடி தட்டி நிக்கசொல்ல கூட்டம் கூடும், ஸ்டிக்கர எல்லாரும் நிதானமா படிக்கலாம், அது ஒரு வசதி.

பெட்ரோல் வண்டின்னு முடிவு பண்ணா இன்னொண்ணு. நம்ம பங்க்குல ஊத்தறது சாதா பெட்ரோலு. மெட்ராஸ்காரன் அதவுட ஒசந்த ஆக்டேனுக்குக் கணக்குப் போட்டுக் குடுத்துட்டான்னா, இங்க வந்து என்ஜின் உள்ளுக்குள்ள தட்டும். எழுதறவன்கிட்ட நீ எந்த பங்க்குல அடிக்கிறன்னு மொதல்ல சொல்லு.

சட்டம் ஒண்ணு இருக்குது, அத்தயும் காதுல போட்டுக்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு. கம்பெனிக்காரன் எழுதிக் குடுத்த விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சி. அதே வருசம் சட்டத்தத் திருத்தி, ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபா அபராதம், இல்லன்னா ஆறு மாசம் வரைக்கும் உள்ள, இல்ல ரெண்டும். வெடிக்கற சைலன்சர் உள்பட ஒன் பட்டியல நான் கூட்டிப் பாத்தேன், ஸ்பாய்லர் வெலைய அபராதம் தாண்டுது. இன்சூரன்ஸ்காரனுக்குச் சொல்லாம மாத்தினா, நாளைக்கி எங்கயாவது மோதி நின்னா அவன் கைய விரிப்பான். நீ ரோட்டுல எதுக்குடா அவுத்து வுடற? ஆடு குறுக்க வரும், கரும்பு டிராக்டர் லைட்டு இல்லாம நிக்கும்.

ஓட்டறதுக்குன்னே எடம் இருக்குது. என் காலத்துல சோழவரம். ரெண்டாவது ஒலகப் போருக்குப் போட்ட ஏரோபிளேன் ஓடுதளம், அதுல 1953-ல ஆரம்பிச்ச மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பு ரேஸ் வுடும். நான் சேலைக் கட்ட எறக்கிட்டு மொதலாளிக்குத் தெரியாம பத்மினியோட போயி நின்னிருக்கேன். அப்பறம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில தனி டிராக்கு வந்துது, 3.7 கிலோமீட்டரு, 12 வளைவு. காஞ்சிபுரம் வழியா காலையில கெளம்பினா போயிடலாம். காசு கட்டினா டிராக் நாள்ல ஒன் சொந்த வண்டியவே வுடுவாங்க. பிரேக்கு எதுக்கு மொதல்ல மாத்தச் சொன்னேன்னு மூணாவது சுத்துல தெரியும்.

கோயம்புத்தூர்ல கரிவரதன்னு ஒருத்தரு இருந்தாரு, லட்சுமி மில்ஸ் குடும்பத்துப் புள்ள. நூல் சம்பந்தம் வுட்டுப் போவுமா பாரு. ரேஸ் காரு வேணும், வெளிநாட்டு என்ஜினுக்கு வழி இல்ல. அந்தாளு ஒக்காந்து அழுவல. மாருதி 800-ல இருக்கற 796 சிசி என்ஜின எடுத்து, 1988-ல பார்முலா மாருதின்னு ஒரு காரே பண்ணிட்டாரு. அம்மாவ ஆஸ்பத்திரிக்கு ஏத்திகினு போற வண்டியோட என்ஜின்டா அது! நரேன் கார்த்திகேயன் ரேஸ் கத்துக்க ஆரம்பிச்சது அந்தக் காருலதான், 2005-ல பார்முலா ஒன்னுல போயி நின்னான். கரிவரதன் 1995-ல விமான விபத்துல பூட்டாரு. செட்டிபாளையத்துல இருக்கற டிராக்குக்கு அவரு பேருதான் வெச்சிருக்காங்க. அவரு என்ஜினப் பொறுக்கசொல்ல குதிரைய எண்ணல, லேசா, சாதாரணமா, எங்கயும் சாமான் கெடைக்கறதா பாத்தாரு. நீ ஸ்டேஜ் 2-ன்னு படிச்சிகினு இருக்கற.

ஆரணியில ஒரு ரிட்டயர்டு எச்.எம். இருக்காரு. 2017 பிகோ டீசலு, கவரு பிரிக்கல, ரப்பர் பேண்டு இருக்குது. புள்ள பெங்களூருக்குக் கூப்பிட்டுட்டான், கண்ணும் செரியா தெரியல, குடுத்துடலாம்னு இருக்காரு. நான் பேசி வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை விடியக்காலையில போவோம். அங்க போயி டியூனு கியூனுன்னு வாயத் தொறந்த, காப்பி குடுத்து அனுப்பிடுவாரு. எதுக்குப் பையான்னு கேட்டா, தாத்தாவ கோயிலுக்குக் கூட்டிகினு போவன்னு சொல்லு. வாங்கின ஒடனே படவேட்டுக்கு வுட்டு ஒரு சூடம் ஏத்திட்டா பொய்யும் ஆவாது.

வெல பேசறது நானு, ஓட்டிப் பாக்கறதும் நானு. ஊரத் தாண்டின நேர் ரோட்டுல மூணாவது கியர்ல நல்லா அழுத்திப் பாக்கணும், டர்போ விசிலு சுத்தமா வருதான்னு. கொஞ்சம் நேரம் ஆவும். அது வரைக்கும் நீ அவருகிட்ட பேச்சுக் குடுத்துகினு குந்தியிரு, பழைய மாணவனுங்க கதை கேளு, மத்தியானம் வரைக்கும் சொல்வாரு. என் லைசென்ஸ மட்டும் கேக்க வுடாத. அது போன பொங்கலோட முடிஞ்சிபோச்சி.